தாழக்குடி மேலவீட்டுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்: எல்லைக்கு இரண்டு பக்கமும் தேடல்

தாழக்குடிப் பேத்தி (கரமனை, திருவனந்தபுரம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பூட்டிக்கு எட்டுப் பிள்ளைகள். ஐந்து பெண், மூன்று ஆண். தாழக்குடி மேலவீடு என்றால் அந்தக் காலத்தில் பழையாற்றங்கரையில் தெரியாதவர்கள் இல்லை. இன்று அந்த வீட்டு வாரிசுகள் நாகர்கோவில், பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரே வம்ச மரத்தில் கொண்டுவரப் பார்க்கிறேன்.

கையில் இருக்கும் முக்கியமான தாள் ஒன்று: கொல்லம் 1103 பங்குனியில், அதாவது 1928-ல் எழுதிய பாகப்பத்திரம். நாஞ்சில் நாட்டு வேளாளர்களில் எங்கள் வீடு மருமக்கள் வழி. காரணவருக்கு, அதாவது வீட்டுத் தலைவருக்குப் பிறகு சொத்து அவர் மகனுக்குப் போகாது, உடன்பிறந்தாள் மகனுக்குப் போகும். 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து பாகம் பிரிக்க வழி திறந்ததும் வீடு வீடாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் பிரித்தார்கள். ஆளுக்கொரு பங்கு என்பதால் வீட்டில் உயிரோடிருந்த ஒவ்வொருவரையும் அந்தப் பத்திரத்தில் பேர் சொல்லி, வயது சொல்லி எழுதியிருக்கிறார்கள். பூட்டியின் அண்ணன்தான் காரணவர், முதல் ஆளாக நிற்கிறார். பூட்டி ஆறாவது. என் ஆச்சி, இடுப்பில் இருந்த குழந்தை, எல்லோரும் உண்டு. கடைசிப் பேர் பத்து மாதக் கைக்குழந்தை. அதுதான் பூட்டியின் கடைசி மகன்.

மரம் வரையத் தொடங்கும் நம்மவர்கள் எல்லோரும் முதலில் ஆண்களை எழுதுகிறார்கள். தாத்தா, அவர் மகன், அந்த மகனின் மகன். நாஞ்சில் நாட்டில் 1926-க்கு முந்திய குடும்பத்துக்கு அது சரிவராது. அங்கே அடிமரமே பெண்தான். பத்திரத்தில் "இன்னார் மருமகன்" என்று வருகிறவரை மகளின் கணவர் என்று நினைத்து இணைத்துவிட்ட மரங்கள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. அவர் உடன்பிறந்தாள் மகன், அந்த வீட்டு அனந்தரவர், அதாவது காரணவருக்கு அடுத்த உரிமைக்காரர். அந்த ஓர் இணைப்பு பிசகினால் அதற்குக் கீழே உள்ளவர்கள் எல்லோரும் வேறு வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

இப்போதைய நிலை இது. மூத்த பெண் (என் ஆச்சி) கிளை முழுமை. மூன்றாவதாகப் பிறந்த பெண்ணின் கிளை பாறசாலையில் பாதி கிடைத்தது. ஆறாவது, ஏழாவதாகப் பிறந்த பெண்களின் கிளை ஓரளவு தெரியும். நான்காவதாகப் பிறந்த பெண் எங்கே போனாள் என்று வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆண்களில் மூத்தவர் இறச்சகுளத்தில் பெண் எடுத்தவர். அவருடைய பிள்ளைகள் எங்கள் பத்திரத்தில் ஒருவர்கூட இல்லை. அடுத்தவர் கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்தவர். கடைசியானவர் சென்னைக்குப் போய்விட்டார், அந்தக் கிளையோடு தொடர்பு உண்டு.

நான்காவது பெண்ணைப் பற்றியோ இறச்சகுளத்துப் பிள்ளைகளைப் பற்றியோ தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய ஆதாரம் (பதிவான பத்திரம்), தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு) பற்றி விவரம் அறிந்தவர்களும் எழுதுங்கள்.

செங்கோட்டை மேலத்தெரு

அக்கா, நல்ல வேலை தொடங்கியிருக்கிறீர்கள். செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்தான் என்பதால் உங்கள் பிரச்சினையில் பாதி எங்களுக்கும் உண்டு. நாங்கள் மக்கள் வழி. எங்கள் குடும்பத்தைத் தேடியபோது பத்திரத்தைவிட உதவியது சாஸ்தா கோயில்தான். பங்குனி உத்திரத்தன்று எங்கே இருந்தாலும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள் இல்லையா? பம்பாயில் இரண்டு தலைமுறையாக இருப்பவரும் அன்றைக்கு வந்து பொங்கல் வைப்பார். நான் கோயில் வாசலில் ஒரு நோட்டோடு உட்கார்ந்துகொண்டேன். "எந்த வீடு, தாத்தா பேர் என்ன?" என்று கேட்டு எழுதியதில் பேர் பேராக வந்து விழுந்தது.

இன்னொன்று, கோயில் கொடை விழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரித்த பழைய நோட்டுகள். கோயில் பெட்டியில் கிடக்கும். எந்த வருஷத்தில் எந்தத் தலைக்கட்டு ஊரைவிட்டுப் போனது, யார் தனிக்குடித்தனம் ஆனார் என்று வரி வரியாகத் தெரியும். தகப்பன் இறந்த வருஷத்தில் மகன் பேருக்கு வரி மாறியிருக்கும்.

தாழக்குடிப் பேத்தி

தம்பி, வரி நோட்டு யோசனை அருமை, கட்டாயம் பார்க்கிறேன். ஆனால் சாஸ்தா கோயில் வாசலில் உங்களுக்குக் கிடைத்தது ஆண் வழி மட்டும்தானே? கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டு சாஸ்தாவுக்குப் போய்விடுவாள். அவள் பிள்ளைகளும் அங்கேதான் போவார்கள். உங்கள் தாத்தாவின் உடன்பிறந்த பெண்களை உங்கள் நோட்டில் எண்ணிப் பாருங்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளில் ஒருவராவது எழுதப்பட்டிருக்கிறாரா?

தலைக்கட்டு நோட்டிலும் இதே கதைதான். கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. விதவையாகி, பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவளுக்கு அதில் வரி இருக்காது. குடும்பத்தைப் பிடித்து நிறுத்தியதே பல வீடுகளில் அவள்தான்.

செங்கோட்டை மேலத்தெரு

எண்ணிப் பார்த்தேன். தாத்தாவோடு பிறந்த பெண்கள் நான்கு பேர். ஒருவர் வீட்டுப் பிள்ளைகளும் நோட்டில் இல்லை. அடுத்த ஆவணிக்கு ஊருக்குப் போகும்போது இதற்கென்றே நாலு ஊர் போய் வருகிறேன்.

ஆதாரக்கட்டு (பாறசாலை)

நான் ஆதாரம் எழுதிப் பிழைத்தவன், இப்போது ஓய்வு. அம்மா கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மூத்த ஆணின் பிள்ளைகள். அவர்கள் உங்கள் பத்திரத்தில் இல்லாததில் வியப்பே இல்லை. மருமக்கள் வழியில் பிள்ளைகள் தாயின் வீட்டைச் சேர்ந்தவர்கள். ஆகவே அவர்கள் பேர் இருக்க வேண்டிய இடம் இறச்சகுளத்து வீட்டின் பாகப்பத்திரம். அந்த வீடு எப்போது பிரிந்தது என்று கண்டுபிடியுங்கள். 1926-க்குப் பிறகு பிரித்திருந்தால், பாகம் பிரிக்கும் முன் பிறந்த பிள்ளைகள் வயதோடு அதில் நிற்பார்கள். ஒவ்வொரு மகனுக்கும் அவர் மனைவி வீட்டுப் பத்திரத்தைத் தேடுவதுதான் வழி. இதைவிட்டு மகன் பேரில் நூறு ஆதாரம் புரட்டினாலும் பிள்ளைகள் பேர் வராது.

உகந்துடைமை என்று ஒன்று உண்டு. மருமக்கள் வழிக் குடும்பத்து ஆண் இறந்தால் அவர் பெண்டு பிள்ளைகளுக்கு அவர் வீட்டுச் சொத்திலிருந்து ஒதுக்கிக் கொடுத்த பங்கு. அதற்கென்று முறி (பத்திரம்) எழுதியிருந்தால் அதில் பிள்ளைகள் பேர் வரும். உங்கள் வீட்டுப் பத்திரக் கட்டுக்குள் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அகலம் குறைந்த தாளாக, மடித்து மடித்து, பாகப்பத்திரத்துக்குள் சொருகியிருப்பார்கள். பலரும் துண்டுச் சீட்டு என்று நினைத்து எறிந்துவிடுவார்கள்.

கல்யாணம் முறிந்தால் எழுதும் பத்திரம் ஒழிமுறி. அதையும் விடாதீர்கள். ஒரு பெண்ணுக்கு முதல் கல்யாணம் நடந்தது என்பதற்கும், அதில் பிள்ளை இருந்தது என்பதற்கும் சில வீடுகளில் அந்த ஒரு தாள்தான் சாட்சி.

ஆண்டுக் கணக்கு. கொல்லம் ஆண்டு ஆவணி ஒன்றில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து மார்கழி நடுப்பகுதி வரைக்கும் 824 கூட்டுங்கள், அங்கிருந்து ஆடி முடிய 825. அம்மா சொன்ன 1103 பங்குனிக்கு 1928 சரி. அதே 1103-ன் ஆவணி என்றால் 1927. இந்த ஒரு வருஷத்தைக் கவனிக்காமல் விட்டால் தங்கை அக்காவுக்கு மூத்தவள் ஆகிவிடுவாள். ஆதாரத்தில் எழுதும் வயதும் சுமாரானதுதான். முப்பது, நாற்பது என்று முழு எண்ணாக வந்தால் அப்படியே நம்பாதீர்கள். குழந்தைகளின் வயதை நம்பலாம், தாய் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பாள். ஜாதகக் குறிப்பு கிடைத்தால் அதில் ஆண்டு, மாதம், தேதி, நட்சத்திரம் நாலும் இருக்கும், அதற்கு மிஞ்சியது இல்லை. தொண்ணூற்றொன்பது வெள்ளத்தை வைத்துப் பிறந்த நாள் சொல்பவர்களும் உண்டு. அது 1099 ஆடி, ஆங்கிலக் கணக்கில் 1924 ஜூலை, ஆகஸ்ட்.

கேரளப் பக்கம் வந்த கிளைக்கு வில்லேஜ் ஆபீஸில் தண்டப்பேர் கணக்கு. ஒருவர் இறந்து நிலம் வாரிசுகள் பேருக்குப் போகும்போது போக்குவரவு (பேர் மாற்றம்) செய்வார்கள். அந்தக் கோப்பில் வாரிசுகள் எல்லோர் பேரும் இருக்கும். பெண்கள் பேரும்தான். 1956 ஜூன் 17-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. மருமக்கத்தாயம் (மருமக்கள் வழி) என்றால் எந்தெந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்று சொல்லும் இடத்தில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தையும் அதில் பேர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்த சாவுகளில் மகன், மகள் என்று வாரிசு வரிசை நேராக வந்துவிடும், தேடுவது எளிது. கடினமெல்லாம் அதற்கு முன்னால்தான்.

எல்லை மாறியதால் ஆதாரம் எங்கே போயிருக்குமோ என்று பலர் கேட்கிறார்கள். நிலம் எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருக்கிறதோ அங்கே கேளுங்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் 1956-ல் சென்னை மாநிலத்துக்குப் போயின, பாறசாலை இந்தப் பக்கம் நின்றது. ஒரே குடும்பத்துக்கு இரண்டு மாநிலத்திலும் மனு போட வேண்டி வரும். பழைய ஆண்டு என்றால் கையால் புரட்டித் தேடுவார்கள், பொறுமை வேண்டும். சர்வே எண் தெரியாமல் போகாதீர்கள். ஏலாவின் (வயல்வெளியின்) பேர், நான்கு எல்லை, இவ்வளவு கோட்டை நெல் விதைக்கும் பரப்பு (விதைப்பாடு) என்று பழைய ஆதாரத்தில் உள்ளதைக் குறித்துக்கொண்டு போனால் அங்குள்ளவர்களுக்கும் பிடி கிடைக்கும்.

கோட்டாறுக்காரன்

நானும் அந்த வீட்டுப் பேரன்தான், ஆறாவது பிறந்த பெண்ணின் மகள் வழி. அக்காவுக்கு என்னைத் தெரியும். ஒரு விஷயம் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள்.

நான்காவது பாட்டியைப் பற்றிப் பெரியவர்கள் பேசாமல் இருந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். ஒழிமுறி எழுதிவிட்டு, வேறு ஒருத்தரோடு மலைக்குப் போய்விட்டாள் என்று அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவளோடு நம் வீட்டு உறவு முடிந்துபோனது. இப்போது தோண்டி எடுத்து மரத்தில் போட்டால் அவள் பிள்ளைகளுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். அடுத்தது சொத்து. இந்த மரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக்கு யாராவது வந்து பங்கு கேட்டால் யார் பதில் சொல்வது? பாறசாலைக்கு நீங்கள் போன் போட்டபோது அவர்கள் ஏன் பாதியில் பேச்சை நிறுத்தினார்கள் என்று நினைக்கிறீர்கள்?

தாழக்குடிப் பேத்தி

தம்பி, கோபம் இல்லை. நீ சொன்ன சொத்துப் பயம் உண்மை. பேத்தி முறை என்று சொல்லி யாராவது கூப்பிட்டாலே எல்லோருக்கும் முதலில் அந்த நினைப்புதான் வருகிறது. அதனால்தான் இப்போதெல்லாம் பேச்சை எடுக்கும்போதே 1928-ல் பாகம் பிரிந்து தீர்ந்துவிட்டது, நான் கேட்பது பேரும் பிறந்த வருஷமும் மட்டும் என்று சொல்லிவிடுகிறேன். பத்திர நகலையும் முதலிலேயே காட்டிவிடுகிறேன். நம் கட்டைத் திறந்து காட்டினால்தான் அவர்களும் அவர்கள் கட்டைத் திறப்பார்கள். பாறசாலை மாமியும் நகலைப் பார்த்த பிறகு தன் பிள்ளைகளின் பேரை எழுதி அனுப்பிவிட்டாள்.

மற்றதில் உன்னோடு ஒத்துப்போக மாட்டேன். நான்காவது பாட்டி உறவு முடிந்தவள் என்று யார் சொன்னது? ஒழிமுறி புருஷனோடு உள்ள உறவைத்தான் முறித்தது. பூட்டியின் மகள் என்பதை முறிக்க எந்தத் தாளாலும் முடியாது. மருமக்கள் வழி வீட்டில் பெண் இரண்டாம் கல்யாணம் செய்ததும் நடந்ததுதான். முதல் கல்யாணத்துப் பிள்ளையும் இரண்டாம் கல்யாணத்துப் பிள்ளையும் ஒரே தாய் வீட்டுக்கு ஒரே மாதிரி உரிமைப்பட்டவர்கள். அப்படி இருந்த வீடுகள், பிற்பாடு மக்கள் வழி மரியாதையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் இதையெல்லாம் வெட்கமாக நினைக்க ஆரம்பித்தன.

மருமக்கள் வழியைப் பெருமை பேசவும் நான் வரவில்லை. மனைவி மக்கள் பட்ட பாட்டைக் கவிமணி எழுதியதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். புருஷன் செத்த மறுநாள் வீட்டைவிட்டு இறங்கியவர்கள் நம் குடும்பத்திலேயே உண்டு. அந்த முறை போனது நல்லதே. ஆனால் பெண்ணை ஒதுக்கி வைத்து மரம் வரைந்தால் நாம் எழுதுவது பாதிக் குடும்பம். பூட்டி எட்டுப் பேரைப் பெற்றாள். ஏழு பேர் உள்ள மரத்தை நான் வெளியிட மாட்டேன்.

உயிரோடு இருப்பவர்களின் சங்கடம் பற்றி நீ சொன்னதை மதிக்கிறேன். உயிரோடு இருக்கிற யாருடைய பிறந்த தேதியும், முகவரியும், போன் எண்ணும் பொது மரத்தில் வராது. ஒழிமுறி, சுவீகாரம் போன்றவற்றைப் பொதுவில் எழுத மாட்டேன். அந்தந்தக் கிளையின் மூத்தவர்கள் சம்மதித்தால் அவர்களுக்குள் மட்டும் இருக்கும்.

மூணாறு குண்டளை

தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். தோழி ஒருத்தி இந்த இழையை அனுப்பினாள். எங்கள் பாட்டி தாழக்குடிக்காரி.

பாட்டன் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. அவருக்குப் பாட்டி இரண்டாம் தாரம், பாட்டிக்கும் அவர் இரண்டாம் புருஷன். எங்கள் வீட்டில் இது ரகசியமாக இருந்ததே இல்லை, அதனால் பொதுவிலேயே சொல்கிறேன். அவர் 1924 வெள்ளத்துக்கு முன்பே மலைக்கு வந்தவர். வெள்ளத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார். பாட்டியைக் கூட்டிவந்தது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. பாட்டி தன் ஊரைப் பற்றி ரொம்பப் பேசமாட்டாள். பழையாறு, நெல்வயல், வீட்டு முன்னால் ஒரு பெரிய களம், அவ்வளவுதான். இங்கே தேயிலையைத் தவிர வேறு ஒன்றும் இல்லாததால் நெல்லைப் பற்றி மட்டும் அடிக்கடி சொல்வாள்.

அவளோடு வந்த பித்தளைச் செம்பு ஒன்று எங்களிடம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக அடித்து எழுத்து வெட்டியிருக்கிறது: "தாழக்குடி மேலவீடு", அதற்குக் கீழே அவள் பேரின் முதல் எழுத்து, பிறகு 1105. இது ஏதோ கணக்கு நம்பர் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம். ஆதாரக்கட்டு ஐயா எழுதியதைப் படித்தபோதுதான் கொல்லம் ஆண்டு என்று விளங்கியது.

பாட்டிக்கு இங்கே நான்கு பிள்ளைகள். என் அம்மா கடைசி. முதல் கல்யாணத்தில் ஒரு பெண் குழந்தை இருந்ததாகவும், அதை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாகவும் அம்மா சொல்வாள். அந்தக் குழந்தை என்ன ஆனாள் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

ஆதாரக்கட்டு (பாறசாலை)

செம்பில் உள்ள 1105 என்றால் 1929 ஆவணியிலிருந்து 1930 ஆடிக்குள். முதல் கல்யாணச் சீர்ப் பாத்திரமாக இருக்கும். பாத்திரத்தில் பேர் வெட்டும் வழக்கத்தை மறந்தே போனேன், நல்ல சான்று. குடும்பத்தில் உள்ள உருளி, குத்துவிளக்கு, நிலவாய்ப் பாத்திரம் எல்லாவற்றையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். விற்பதற்கு முன் எழுத்தைப் படம் எடுத்து வையுங்கள், பழைய பித்தளைக் கடைக்குப் போனால் உருக்கிவிடுவார்கள்.

தாழக்குடிப் பேத்தி

தங்கச்சி, நீ என் சித்தி மகள். பத்திரத்தில் உன் பாட்டிக்கு வயது பதினேழு என்று இருக்கிறது. 1105-ல் பத்தொன்பது ஆகிறது, பொருந்துகிறது. மேலவீடு என்ற பேரும் பொருந்துகிறது. செம்பின் எழுத்தைக் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்துத் தனிமடலில் அனுப்பு. எங்கள் ஆச்சியின் செம்பிலும் இதே புள்ளி எழுத்து உண்டு, ஒரே கை வெட்டியதா என்று பார்க்கலாம்.

விட்டுவந்த குழந்தையைப் பற்றி நான் கேட்டுச் சொல்கிறேன். ஆறாவது பாட்டி வளர்த்த ஒரு பெண்ணைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு உண்டு. உறுதிப்படுத்தாமல் பேரைச் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

மரம் வரைபவன் (சித்தூர், பாலக்காடு)

நான் வேறு சமூகம், வேறு ஊர். இதே வேலையை எங்கள் வீட்டுக்குச் செய்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. கிளைகள் சேரச் சேரப் பேர்க் குழப்பம் வரும். தாத்தா பேரை மூத்த பேரனுக்கு வைப்பதால் ஒரே பேரில் நாலு பேர் இருப்பார்கள். பேரை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். பூட்டி 1. பிள்ளைகள் பிறந்த வரிசையில் 1.1 முதல் 1.8 வரை. மூணாறுக்காரரின் பாட்டி 1.4. அவருடைய பிள்ளைகள் 1.4.1, 1.4.2 என்று போகும். ஊரில் விட்டுவந்த பெண் குழந்தைதான் மூத்தவள் என்பதால் 1.4.1 அவளுக்கே. தெரியவரும் வரை அந்த இடத்தைக் காலியாக விட்டு வையுங்கள், மூணாறில் பிறந்த மூத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் உங்கள் பக்கமும் நிறைய இருக்கும். அப்போது ஒருவருக்கே இரண்டு எண் வரும், அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று. இரண்டையும் எழுதுங்கள், ஆனால் தலை எண்ணும்போது ஒருமுறைதான் எண்ண வேண்டும். கையால் வரைந்தால் இந்த இடத்தில் கோடு சிக்கிக்கொள்ளும். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் சரியாகக் கையாளும், தமிழிலும் பேர் எழுதலாம். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை மறைத்து வெளியே எடுக்கும் வசதியும் உண்டு. கோப்பை கெட்காம் வடிவத்திலும் ஒன்று சேமித்து வையுங்கள், நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் திறக்கும்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். "பத்திரம் 1103", "மூணாறுச் செம்பு", "பாறசாலை மாமி சொன்னது" என்று மூன்றே சொல் போதும். பத்து வருஷம் கழித்து இரண்டு தகவல் முட்டிக்கொள்ளும்போது எதை நம்புவது என்று அதுதான் சொல்லும்.

செங்கோட்டை மேலத்தெரு

டிஎன்ஏ சோதனை இப்போது எல்லோரும் செய்கிறார்களே, மருமக்கள் வழிக் குடும்பத்துக்கு அது உதவுமா?

மரம் வரைபவன் (சித்தூர், பாலக்காடு)

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டும் வருவது. மகனுக்கும் வரும், ஆனால் மகளால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். மருமக்கள் வழி வீடு எப்படி ஓடியதோ அதே தடம். தாளும் செம்பும் ஆளும் கிடைக்கும்போது அதற்கு அவசரம் இல்லை. அதிலும் சோதனை சிலருக்கு அவர்கள் எதிர்பார்க்காத செய்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

கோட்டாறுக்காரன்

மூணாறு அக்கா எழுதியதைப் படித்த பிறகு பரணில் ஏறினேன். என் பெரியம்மை கல்யாணத்துச் சுருள் நோட்டு (மொய்க் கணக்கு) அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. 1136 தை, ஆதாரக்கட்டு ஐயாவின் கணக்குப்படி 1961. நீல மை மங்கிவிட்டாலும் படிக்க முடிகிறது. கொடுத்தவர் பேர், ஊர், தொகை. பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: "மூணாறு பெரியம்மை வகை, ரூ. 5". அதற்கு அடுத்த வரி: "மேற்படி பெரியம்மை கொண்டுவந்த தேயிலை, 2 கட்டு".

ஆக நான்காவது பாட்டி கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள். அழைப்பு போயிருக்கிறது. பெரியம்மை என்று முறை வைத்தே எழுதியிருக்கிறார்கள். பேசாமல் இருந்தது எப்போது தொடங்கியதோ தெரியவில்லை, ஆனால் 1961-ல் உறவு இருந்திருக்கிறது. பக்கத்தைப் படம் எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டேன். மூணாறு அக்கா, பெரியம்மை இன்னும் இருக்கிறாள், எண்பத்தைந்து வயது, நினைவு நன்றாக இருக்கிறது. நேற்று கேட்டேன். "மூணாத்துப் பெரியம்மையா? சேலைத் தலைப்பிலே தேயிலை மணக்கும்" என்றாள். விட்டுவந்த குழந்தையைப் பற்றியும் சொன்னாள். அதை நீங்கள் போனில் அவளிடமே கேட்பதுதான் முறை. நம்பர் அனுப்பியிருக்கிறேன்.

மூணாறு குண்டளை

பேசினேன். அம்மாவும் பேசினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். அம்மாவின் அக்காவை ஆறாவது பாட்டிதான் வளர்த்திருக்கிறார், கல்யாணமும் செய்து கொடுத்திருக்கிறார். அந்தப் பெரியம்மா இப்போது இல்லை. அவருக்கு இரண்டு மகள்கள், ஒருவர் நெய்யாற்றின்கரையில். 1.4.1 இனிமேல் காலி இல்லை, பேரைத் தனிமடலில் அனுப்புகிறேன். அந்த மகள்கள் சம்மதித்த பிறகு பொது மரத்தில் சேருங்கள்.

தாழக்குடிப் பேத்தி

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியவில்லை. இரண்டு செம்பின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "ழ" எழுதிய சுழி இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

இனி மிச்சம் இருப்பது 1.2, பூட்டியின் மூத்த மகன். 1928-ல் அவருக்கு வயது இருபத்துமூன்று, கல்யாணமாகி ஒரு வருஷம். ஐயா சொன்னபடி பாகப்பத்திரத்தின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன், உகந்துடைமை முறி ஏதும் இல்லை. ஆகவே இறச்சகுளம், பூதப்பாண்டிப் பக்கம் உள்ள மருமக்கள் வழி வீட்டுக்காரர்களிடம் கேட்கிறேன். 1104-லிருந்து 1120 வரைக்கும் எழுதிய பாகப்பத்திரம் உங்கள் வீட்டில் இருந்தால், மைனர் பிள்ளைகளின் பேர் வரும் பக்கத்தைப் பாருங்கள். தகப்பன் ஊர் தாழக்குடி என்று எங்கேயாவது வந்தால் சொல்லுங்கள். முழுப் பத்திரமும் வேண்டாம், அந்த ஒரு பக்கம் போதும். சொத்து விவரத்தை மறைத்துவிட்டே படம் அனுப்பலாம்.

பத்திரம் இல்லாதவர்கள் மூன்றைத் தேடிப் பாருங்கள்: பழைய கல்யாண அழைப்பிதழ், பதினாறாம் நாள் அடியந்திரக் (சாவுச் சடங்கு) கார்டு, சுருள் நோட்டு. அடியந்திரக் கார்டில் மகன், மகள், மருமகன், பேரன் பேத்தி என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள், நம் ஊரில் அதைவிடச் சுருக்கமான வம்சாவளி கிடையாது. பள்ளிக்கூட அட்மிஷன் பதிவேட்டில் காப்பாளர் என்று மாமன் பேர் இருந்தால் அவரைத் தகப்பன் என்று எழுதிவிடாதீர்கள்.

வருகிற பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் தாழக்குடியில் கூடலாம் என்று கோட்டாறுத் தம்பியும் நானும் பேசியிருக்கிறோம். பெரியம்மையை ஆட்டோவில் கூட்டிவரும் பொறுப்பு அவனுடையது. மூணாறிலிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே வந்தால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஆள் நிற்கும். வருகிறவர்கள் அவரவர் தாய், தாயின் தாய் பேரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், தகப்பன் பேர் அதற்குப் பிறகு.